திரைக்குப் பின்னால் ஒரு பில்டர்

நஜீமாவுக்குப் பொய் சொல்ல வராது. சின்ன வயதில் கருப்பட்டியைத் திருடித் தின்றுவிட்டு, யாரும் கேட்பதற்கு முன்பே அழுது மாட்டிக்கொண்டவள். அப்படிப்பட்டவள்தான் நாயுடுபுரத்துத் தன் வீட்டுக் கிணற்றடியில் நின்று, சுகாதார இன்ஸ்பெக்டர் குருநாதனிடம் கூசாமல் ஒரு பொய்யைச் சொன்னாள்.

"இந்தக் கிணத்துல வேற யாரும் தண்ணி எடுக்குறாங்களாம்மா?"

"இல்லீங்க சார். நாங்க மட்டுந்தான்."

கைப்பிடிச் சுவரின் மேல் மேல்வீட்டு அருள்மேரியின் குடம் கவிழ்த்து வைத்திருந்தது. குருநாதன் அதைப் பார்க்கத்தான் செய்தார். இந்த வீட்டுக் குடம் என்று நினைத்துக்கொண்டார் போல.

அந்த வருஷம் சீசன் முடிந்து, வெள்ளைக்காரர்களும் மதுரைப் பணக்காரர்களும் மலையை விட்டுக் கீழே இறங்கிய பிறகு, நாயுடுபுரத்தில் வீட்டுக்கு வீடு காய்ச்சல் கண்டது. சுகாதார ஆபீசிலிருந்து ஆட்கள் வந்து கிணறு கிணறாகச் சீசாவில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போனார்கள். இன்றைக்கு அதன் முடிவைச் சொல்லத்தான் குருநாதன் வந்திருந்தார். உங்கள் கிணறு கெட்டுக் கிடக்கிறது, இது டைபாய்டு வருகிற தண்ணீர் என்றார். சொல்லிவிட்டுக் கழுத்தை வளைத்து மேட்டைப் பார்த்தார். மலையில் ஒருத்தர் வீட்டுக் கூரையும் அடுத்தவர் வீட்டு வாசலும் ஒரே மட்டத்தில்தான் இருக்கும். இவர்கள் கூரைக்கு மேலே அருள்மேரியின் வாசல். அந்த வாசலுக்குப் பக்கத்தில், பேரிக்காய் மரத்தடியில், ஒரு தகரத் தடுப்பு.

"அது கக்கூஸ்தானம்மா? குழிதானே தோண்டியிருக்காங்க?"

"ஆமாங்க."

"அப்புறம் என்ன? மேல விட்டது கீழதான வரும்." ரொம்பச் சாதாரணமாகச் சொன்னார். "பிளீச்சிங் பவுடர் போட்டுர்றேன். கொஞ்ச நாளைக்கு வாடை அடிக்கும். குடிக்கக் கூடாதுன்னு சுவத்துல ஒரு போர்டு மாட்டிருவோம். மேல்வீட்டுக்காரங்களையும் கூப்பிட்டுச் சொல்லிட்டுப் போறேன்."

நஜீமா அவசரமாகக் குறுக்கிட்டாள். "வேணாங்க சார். பவுடரும் வேணாம், போர்டும் வேணாம். நாங்க மட்டுந்தானே குடிக்கிறோம், தண்ணி வடிகட்ட ஒரு பில்டர் வாங்கி வச்சுக்கிறோம். மேல்வீட்டுல நானே சொல்லிக்கிறேன்."

அவருக்கு இன்னும் எத்தனையோ கிணறு பாக்கி இருந்தது. "நல்லதாப் பாத்து வாங்குங்க. கண்டதையும் வாங்கிப்புடாதீங்க. சின்னப் புள்ளை இருக்கில்ல," என்று நஜீமாவின் இடுப்பிலிருந்த மகள் ஆசியாவின் கன்னத்தைத் தட்டிவிட்டுச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

ஏன் அப்படிச் சொன்னாள் என்றால், அதற்குக் காரணம் இருந்தது.

போன வருஷம் ஐப்பசி மழையில் நஜீமாவின் மூத்தவன் மீரான் காய்ச்சலில் போனான். அடுத்த வருஷம் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டிய பிள்ளை. பகலெல்லாம் மேல்வீட்டில்தான் கிடப்பான். இறங்கி வந்து, "மேல்வீட்டுத் தண்ணி வேற ருசிம்மா," என்று எதையாவது உளறுவான். "ஒரே கிணத்துத் தண்ணிதானடா, கிறுக்கா," என்று இவள் சிரிப்பாள். அவனைக் கொண்டுபோய் அடக்கிவிட்டு வந்த சூட்டோடு அதே காய்ச்சல் நஜீமாவையும் தள்ளியது. ஆசியா அப்போது பிறந்து முகம் தெளியாத பச்சை மண். இவளுக்குப் பால் வற்றிப்போயிற்று. புட்டிப்பால் பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளவில்லை, குடித்ததையெல்லாம் கக்கியது. அருள்மேரிதான் இறங்கி வந்து, ஒரு பேச்சில்லாமல் ஆசியாவைத் தூக்கி மடியில் போட்டுக்கொண்டாள். ஒரு பக்கம் தன் பிள்ளை மனுவேல், மறுபக்கம் ஆசியா. நஜீமா எழுந்து உட்காரும் வரைக்கும் மழையிலும் பனியிலும் அந்த வழுக்குப் படியில் இறங்கி ஏறினாள்.

இஸ்லாம் மார்க்கத்தில் பால் கொடுத்தவளும் தாய்தான். மனுவேல் மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரப் பிள்ளையாக இருந்தாலும் ஆசியாவுக்கு அண்ணன். நாளைக்கு நிக்காஹ் பேச்சு வந்தாலும் ஒருவரையொருவர் கட்டிக்கொள்ளக் கூடாத உறவு. அப்படிப்பட்ட அருள்மேரியைக் கூப்பிட்டு, உன் வீட்டுக் கக்கூஸ் தண்ணீர் என் கிணற்றில் இறங்குகிறது என்று எந்த வாயால் சொல்வது? அதற்கு அடுத்த பேச்சு என்னவென்று இருவருக்குமே தெரியுமே. மீரான் எதனால் போனான் என்பதுதானே அடுத்த பேச்சு.

சாயங்காலம் சாகுல் ஹமீது கடையிலிருந்து வந்ததும் நஜீமா கொட்டித் தீர்த்துவிட்டாள். சாகுலுக்குப் பஜாரில் கம்பளிக் கடை. ஸ்வெட்டரைத் தொட்டுப் பார்த்து எந்த ஊர் நூல் என்று சொல்லிவிடுவார். தண்ணீர் விஷயத்தில் அவருக்குத் தெரிந்ததெல்லாம் தாகம் எடுத்தால் குடிக்க வேண்டும் என்பது மட்டும்தான். கேட்டுவிட்டு முழங்காலைத் தடவிக்கொண்டார்.

"சொல்லாத," என்றார். "சொன்னா அந்தப் பொண்ணு தாங்காது. கயித்துல நாண்டுக்கிட்டு நின்னாலும் நிக்கும். அவ புருஷன் மரியஅந்தோணியும் காட்டுப்பக்கம் போகக் கூடாதுன்னுதான மெனக்கெட்டுக் குழி வெட்டுனாரு. வேணும்னா செஞ்சாங்க?"

"அப்ப அவ புள்ளை?"

சாகுல் தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "முதல்ல நம்ம புள்ளைக்கு ஒரு வழி பண்ணுவோம்," என்றார். நஜீமாவும் அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும் என்று அவளுக்கே தெரியும். அன்றைக்கு ராத்திரியிலிருந்து அந்தக் கேள்வி அவள் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது.

முதலில் தண்ணீரைக் காய்ச்சிப் பார்த்தாள். மழை பிடித்துக்கொண்ட காலம். விறகெல்லாம் நனைந்து கிடந்தது. ஒரு தவலை கொதிப்பதற்குள் வீடு முழுக்கப் புகை மண்டி, கண் ரெண்டும் கோவைப்பழமாகிவிடும். அந்தத் தண்ணீரை ஆசியா ஒரு வாய் குடித்துவிட்டுத் தூவென்று துப்பினாள். துப்பியதோடு விடாமல் தவழ்ந்து போய் வாளியில் கையை விட்டு நக்கினாள். நஜீமா பாய்ந்து போய்ப் பிள்ளையைப் பிடுங்கி, வாயைத் துடைத்து, நாக்கைத் துடைத்து, தானும் சேர்ந்து அழுதாள். அதோடு எந்நேரமும் அடுப்பில் தவலை கொதித்தால் அருள்மேரி பார்ப்பாள், என்னக்கா விசேஷம் என்பாள். என்னத்தைச் சொல்வது? பில்டர்தான் சரி என்று தீர்மானம் ஆயிற்று.

எந்தப் பில்டர்? அங்கேதான் தலைவலி தொடங்கியது.

அய்யம்பாளையத்திலிருந்து சாகுல் சின்னத்தா என்று கூப்பிடுகிற சித்தப்பாவின் மகன் ஒலியுல்லா ஒரு நாள் வந்தான். எதைக் கேட்டாலும் தெரியாது என்று சொல்லி அறியாத ஆள். "இதுக்குப் போயா மண்டையை உடைக்கிறீங்க? அடுக்குப் பானை வச்சாப் போச்சு," என்றான். அடுத்த பஸ்ஸிலேயே ஆற்று மணலும் அடுப்புக்கரியும் பானைகளும் வந்து இறங்கின. ஒன்றின் மேல் ஒன்றாகப் பானைகள். ஒன்றில் கரி, ஒன்றில் மணல், அடியில் இருப்பதில் தண்ணீர். சொட்டுச் சொட்டாக விழுந்த தண்ணீரைக் கண்ணாடித் தம்ளரில் பிடித்து ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள் நஜீமா. பளிங்காக இருந்தது. ஒலியுல்லாவின் மீசை தானாக மேலே போயிற்று.

ஆனால் கிணற்றுத் தண்ணீரையும் அதே மாதிரி இன்னொரு தம்ளரில் பிடித்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அதுவும் பளிங்காகத்தான் இருந்தது. மீரானைக் கொண்டுபோன தண்ணீரும் இப்படிப் பளிங்காகத்தானே இருந்திருக்கும்? கண்ணால் பார்த்து அரிசியில் கல் பொறுக்கலாம். இதில் எதைப் பொறுக்குவது? சாகுல் பஜாரில் குருநாதனைப் பிடித்துக் கேட்டார். மணல் கலங்கலைத்தான் நிறுத்தும், கண்ணுக்குத் தெரியாத அந்தக் காய்ச்சல் பூச்சிக்கு மணல் இடுக்கு கோட்டை வாசல் மாதிரி என்று அவர் சிரித்திருக்கிறார். அடுக்குப் பானை கொல்லைக்குப் போனது. ஒலியுல்லா கோபித்துக்கொண்டு சாப்பிடாமலே ஊருக்குப் போனான்.

அப்புறம் சாகுல் மதுரையிலிருந்து ஒரு புதுப் பில்டரைக் கொண்டுவந்தார். அலுமினியம். மேல் பாத்திரத்துக்குள் மெழுகுவத்தி மாதிரி வெள்ளை வெள்ளையாகக் குழல்கள் நின்றன. அதற்குக் கேண்டில் என்று பெயராம். தண்ணீர் அதன் உடம்பில் ஊறி உள்ளே புகுந்து, கீழ்ப் பாத்திரத்தில் சொட்டும். சாகுல் அதைத் தட்டிப் பார்த்து, தடவிப் பார்த்து, கம்பளி வாங்குவது போலத்தான் வாங்கியிருந்தார். "எடை நல்லா இருந்துச்சு," என்றார் பெருமையாக.

நஜீமா இந்தத் தடவை ஏமாறத் தயாராக இல்லை. தோட்டத்துச் செம்மண்ணைக் கரைத்து மேல் பாத்திரத்தில் ஊற்றினாள்.

"அடியே, புதுச் சாமான்!"

"பூச்சிதான் தெரியாது. மண்ணு தெரியும்ல?"

காலையில் கீழ்ப் பாத்திரத்தைத் திறந்தால் தண்ணீர் டீத் தண்ணீர் நிறத்தில் இருந்தது. கேண்டிலைச் சுற்றியிருந்த ரப்பர் வளையம் சரியாக உட்காரவில்லை. தண்ணீர் கேண்டிலுக்குள் போகாமல் ஓரமாக நழுவி இறங்கியிருக்கிறது. மண்ணைக் கரைக்காமல் இருந்திருந்தால் ஆசியாவுக்கு இதைத்தானே நல்ல தண்ணீர் என்று நம்பிக் கொடுத்திருப்போம் என்று நினைத்தவள் அத்தனையையும் கொல்லையில் கொட்டினாள். ஒரு காவல்காரனை நம்பிக் கதவைத் திறந்துபோட்டுத் தூங்க இருந்தோமே என்று தோன்றியது. பில்டர் மதுரைக்கே திரும்பிப் போனது.

இப்படி ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்த நாளெல்லாம் அருள்மேரி வெள்ளனே குடத்தோடு இறங்கி வருவாள். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு மிஷன் பங்களாவில் ஆயாவாக இருந்தவள். நடை, பேச்சு எல்லாம் சுத்தபத்தம். ராட்டினம் கிரீச்சிடும். நஜீமா அடுப்படியில் நின்று அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பாள். ஒவ்வொரு குடமும் மனுவேலுக்குப் போகிறது. சொல்லிவிடலாம் என்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வெளியே வருவாள்.

"அருளு..."

"என்னக்கா?"

பனியில் சிவந்த மூக்கோடு அவள் சிரித்துக்கொண்டு திரும்புவாள். இடுப்பில் மனுவேல், இவளைப் பார்த்ததும் கையை நீட்டுவான்.

"கயிறு நைஞ்சு கெடக்கு. பாத்து இழு."

இதே கதைதான் தினமும். கயிறு, பாசி, பஜாரில் கேரட் விலை என்று எதையாவது சொல்லிவிட்டு உள்ளே வந்து சுவரில் சாய்ந்துகொள்வாள். வாய் எதற்கு இருக்கிறது என்று தன்னையே திட்டிக்கொள்வாள். ஆனாலும் மறுநாளும் கயிறுதான் நைந்திருக்கும்.

கடைசியில் பில்டர் கிடைத்தது ஒரு சேலில். மிஷன்காரர்கள் சீமைக்குப் புறப்படும்போது வீட்டுச் சாமானையெல்லாம் வாசலில் பரப்பி விற்பார்கள். பஜாரே போய் மொய்க்கும். அப்படி ஒரு பங்களாவில், கட்டிலுக்கும் பியானோவுக்கும் நடுவில், இடுப்பு உயரத்துக்கு ஒரு பீங்கான் ஜாடி நின்றது. ஊறுகாய் ஜாடிக்கு அண்ணன் மாதிரி, அடியில் குழாய் வைத்து, உள்ளே ஒற்றைக் கேண்டில். அந்த வீட்டுச் சமையல்காரி பாப்பம்மாள் அதற்குக் காவலாக நின்றாள்.

நஜீமா மடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தாள். செம்மண்.

"ஆத்தாடி, மண்ணைக் கட்டிக்கிட்டா சாமான் வாங்க வருவாங்க?" என்று பாப்பம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்தாலும் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். கரைத்து ஊற்றிவிட்டு நஜீமா அங்கேயே குத்தவைத்து உட்கார்ந்துவிட்டாள். சேலில் மற்றச் சாமான்கள் எல்லாம் போய்க்கொண்டிருந்தன. சாகுல் கடையை அப்படியே போட்டுவிட்டு வந்தவர், குடையை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றிக்கொண்டு நின்றார். குழாயைத் திறந்தபோது விழுந்த தண்ணீரில் மண்ணின் சாயல்கூட இல்லை. கேண்டில் மட்டும் செக்கச்செவேல் என்று இருந்தது.

"இந்தக் கேண்டிலை மெத்துன்னு பிரஷ் போட்டுத் தேய்க்கணும், அப்புறம் கொதிக்கிற தண்ணியில போட்டு எடுக்கணும்," என்று பாப்பம்மாள் சொல்லிக் கொடுத்தாள். "சாம்பலைப் போட்டுத் தேச்சுப்புடாதீங்க, கேண்டில் தேஞ்சு போயிரும். ரொம்பப் பயமா இருந்தா, காய்ச்சுன தண்ணியவே இதுல ஊத்துங்க. ரெட்டைக் காவல்."

ஜாடி வீட்டுக்கு வந்தது. அதை எங்கே வைப்பது? அடுப்படியில் வைத்தால் அருள்மேரி பார்த்துவிடுவாள். உள்ளறை மூலையில் முக்காலி போட்டு ஏற்றி, பழைய சேலையை முன்னால் கட்டித் தொங்கவிட்டாள் நஜீமா. "நம்ம வீட்டுல திரைக்குள்ள கோஷா இருக்கிறது இந்தப் பில்டர் ஒண்ணுதான்," என்றார் சாகுல். அவள் சிரிக்கவில்லை.

ஆசியாவுக்கு இனி பயமில்லை. ஆனால் ஆசியா அந்தத் தண்ணீரைக் குடிக்கக் குடிக்க, நஜீமாவுக்கு மனுவேலின் நினைப்புத்தான் வந்தது. ராத்திரியில் திரைக்குப் பின்னால் சொட்டுகிற சத்தம் கேட்கும். அண்ணனுக்கு ஒரு தண்ணீர், தங்கச்சிக்கு ஒரு தண்ணீர் என்று வைத்துவிட்டோமே என்று புரண்டு படுப்பாள். அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். மனுவேல் விளையாட இறங்கி வரும்போதெல்லாம் ஓடிப்போய் ஒரு தம்ளர் பிடித்துக்கொண்டு வருவாள். அவன் வாயில் வைப்பதற்குள் அருள்மேரி வந்துவிடுவாள்.

"வேணாங்கக்கா, இப்பத்தான் குடிச்சான்."

"ஒரு வாய் குடிக்கட்டும்டி."

"இல்லக்கா, சளி பிடிச்சிருக்கு. வீட்டுல போய்க் குடிச்சுக்குவான்."

எப்போதும் இப்படித்தான். இந்த வீட்டில் சோறு தின்பான், முறுக்குத் தின்பான்; தண்ணீர் மட்டும் அருள்மேரி குடிக்க விடமாட்டாள். கூச்சம் என்றுதான் நஜீமா நினைத்திருந்தாள். கிணறையே கொடுத்திருக்கிறார்கள், அதற்கு மேல் தம்ளரும் கேட்க வேண்டாம் என்ற கூச்சம். நல்ல தண்ணீரைத் தட்டிவிட்டுக் கெட்ட தண்ணீரைக் கொடுக்கத் தூக்கிக்கொண்டு போகிறாளே என்று இவள் தம்ளரோடு படிவரைக்கும் போய்த் திரும்புவாள்.

மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்த ஒரு நாள், மதியச் சாப்பாட்டுக்கு வந்த சாகுல் தொப்பியைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்.

"மரியஅந்தோணியைப் பஜாருல பாத்தேன். மருந்து வாங்க வந்தாரு." குரல் இறங்கியது. "மனுவேலுக்குக் காய்ச்சலாம். ரெண்டு நாளா கொதிக்குதாம்."

நஜீமா சட்டியை அப்படியே கீழே வைத்தாள். அதுதான் முந்தாநாளிலிருந்து அருள்மேரி கிணற்றுக்கு வரவில்லை. புருஷன்தான் வந்து தண்ணீர் இறைத்துக்கொண்டு போனார். மீரானுக்கும் இப்படித்தான் தொடங்கியது. முதல் நாள் சாதாரணக் காய்ச்சல் என்றார்கள். கஷாயம் கொடுத்தாள், நெற்றியில் பற்றுப் போட்டாள். தண்ணி தண்ணி என்று கேட்டான். கேட்ட போதெல்லாம் தூக்கிப் பிடித்து, தன் கையால், அந்தக் கிணற்றுத் தண்ணீரையே கொடுத்தாள்.

"நான்தான்," என்றாள் நஜீமா. "நான் வாயைத் திறந்திருந்தா அந்தப் புள்ளைக்கு வந்திருக்காது. அல்லா என்னைத்தான் கேப்பான்."

"அடியே, பதறாத. என்ன காய்ச்சலோ..."

அவள் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. திரையைப் பிய்த்து எறிந்தாள். பித்தளைக் குடத்தை வைத்துக் குழாயைத் திறந்தாள். ஜாடியில் இருந்த அத்தனையும் இறங்கும் வரை காலை மாற்றி மாற்றி நின்றாள். ஆசியாவைச் சாகுல் கையில் கொடுத்துவிட்டு, தலையில் முக்காட்டைப் போட்டுக்கொண்டு, குடத்தோடு மழையில் இறங்கி மேட்டில் ஏறினாள். மண்ணில் வெட்டிய படி வழவழவென்று இருந்தது. இதே படியில்தானே அவள் என் பிள்ளைக்குப் பால் கொடுக்க இறங்கி வந்தாள் என்ற நினைப்பு அவளைப் பிடித்துத் தள்ளியது. பேரிக்காய் மரத்தையும் தகரத் தடுப்பையும் தாண்டும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கதவைத் திறந்த அருள்மேரி திடுக்கிட்டாள். தூக்கம் இல்லாத கண். "என்னக்கா இந்த மழையில?"

"புள்ளைக்குக் கிணத்துத் தண்ணி கொடுக்காத. இந்தா, இதைக் கொடு." குடத்தை இறக்கி வைப்பதற்குள் மூச்சு வாங்கியது. நின்றால் மறுபடியும் கயிறு நைந்துவிடும் என்று பயந்து, நஜீமா ஒரே மூச்சில் சொன்னாள். "கிணறு கெட்டுப்போச்சு அருளு. இன்ஸ்பெக்டரு அப்பவே வந்து சொன்னாரு. உங்க குழித் தண்ணிதான் கீழ இறங்குதாம். மீரானுக்கு வந்ததும் அதுலதான் இருக்கும். உங்கிட்டச் சொல்ல எனக்கு வாய் வரலை. நாங்க மட்டும் ஒரு பில்டரை வாங்கி ஒளிச்சு வச்சுக்கிட்டோம். உன் புள்ளை அந்தத் தண்ணியைக் குடிக்கும்னு தெரிஞ்சும் நான் பேசாம இருந்தேன். என்னை என்ன வேணா சொல்லு. முதல்ல புள்ளைக்கு இதைக் கொடு."

அருள்மேரி கதவுநிலையைப் பிடித்துக்கொண்டாள். அவள் முகம் வெளுத்துப்போனதை நஜீமா பார்த்தாள். "எங்க குழியா?" என்றாள் மெதுவாக. "எங்க குழியாலயா அக்கா மீரான்..." அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

இதற்குத்தான் பயந்தோம் என்று நஜீமாவும் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "மனுவேலு எப்படி இருக்கான்? அதைச் சொல்லு முதல்ல."

"அவனுக்கு மணல்வாரி அம்மைக்கா. காதுக்குப் பின்னால செவசெவன்னு வந்துருச்சு. நர்ஸம்மா பாத்துட்டாங்க, இறங்கிரும்னாங்க." அழுகைக்கு நடுவிலும் இவள் பதறிப் போய் வந்திருப்பது அவளுக்குப் பொறுக்கவில்லை, கையைப் பிடித்துத் தேற்றினாள். "தண்ணியால இல்லக்கா. நீங்க பயப்படாதீங்க. நாங்கதான் காய்ச்சாம ஒரு சொட்டுக்கூடக் குடிக்க மாட்டோமே."

சொன்ன பிறகுதான், என்ன சொன்னோம் என்று அருள்மேரிக்கே உறைத்தது. பிடித்திருந்த கையை விட்டாள்.

நஜீமா தலையைத் தூக்கிப் பார்த்தாள். வாசலுக்கு நேரே அடுப்பு, அதன் மேல் கரி படிந்த பெரிய கெட்டில். பக்கத்துப் பலகையில், வாயில் வெள்ளைத் துணி கட்டிய பானைகள். இத்தனை வருஷத்தில் அவள் இந்த அடுப்படியைக் கண்ணால் பார்த்ததே இல்லை. இறங்கி வந்ததெல்லாம் அருள்மேரிதான்.

"எப்பருந்து?" என்றாள் நஜீமா.

அருள்மேரி தரையைப் பார்த்தாள். "வந்த நாள்லருந்து. பங்களாவுல காய்ச்சாம குடிச்சா அந்தம்மா தொலைச்சிருவாங்க. அதே பழக்கம் வந்துருச்சு."

"இப்பத்தான் குடிச்சான், இப்பத்தான் குடிச்சான்னியே. அது இதுக்குத்தானா?"

அருள்மேரி தலையை மட்டும் ஆட்டினாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"எப்படிக்கா சொல்லுவேன்? கெணத்தையே விட்டுக் கொடுத்தவங்ககிட்ட, உங்க தண்ணியை நாங்க அப்படியே குடிக்க மாட்டோம்னு எப்படிச் சொல்றது? நீங்க அதைத்தான் குடிக்கிறீங்க. உங்க மூஞ்சியில அடிச்ச மாதிரி இருக்காதா?" அருள்மேரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "மீரான் இங்க வந்தா அவனுக்கும் இதைத்தான்க்கா கொடுப்பேன். மாதா சத்தியமா. இங்க அவன் பச்சைத் தண்ணி குடிச்சதே இல்லை."

நஜீமாவுக்கு ஆங்காரம் வந்தது. எழுந்து அந்தக் கெட்டிலைத் தூக்கி வெளியே எறிந்துவிட வேண்டும் போல வந்தது. ஒரு வார்த்தை, காய்ச்சிக் குடிங்கக்கா என்று ஒரே ஒரு வார்த்தை. அதைச் சொல்லாமல் மரியாதை பார்த்தாளே, பாவி. வாய் வரைக்கும் வந்துவிட்டது. வந்த இடத்தில் அப்படியே நின்றது. கதவோரத்தில் அவள் கொண்டுவந்த பித்தளைக் குடம் இருந்தது. திரைக்குப் பின்னால் ஒளித்து வைத்துச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்த தண்ணீர். இவளும்தானே மரியாதை பார்த்தாள். அருள்மேரியின் பிள்ளை பிழைத்திருப்பது நஜீமாவின் நல்ல மனசால் அல்ல, அந்தக் கெட்டிலால்.

உள்ளே மனுவேல் சிணுங்கினான். அருள்மேரி எழுந்து போய், அவனைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே வந்து, என்ன செய்வது என்று தெரியாமல் நின்றாள். மழை தகரத்தில் அடித்துக்கொண்டிருந்தது.

"எனக்கு ஒரு செம்பு தண்ணி கொடு," என்றாள் நஜீமா.

"எதுலருந்துக்கா?"

"உன் தண்ணி."

அருள்மேரி ஒற்றைக் கையால் துணியை அவிழ்த்து, மொண்டு, செம்பை நீட்டினாள். கொஞ்சம் சிந்தியது. நஜீமா அதை வாங்கி அண்ணாந்து ஒரு மடக்குக் குடித்தாள். ஆறிய தண்ணீர்தான். ஈர விறகின் புகை அதில் நன்றாக இறங்கியிருந்தது. கீழ்வீட்டுத் தண்ணீரில் இல்லாத ருசி.

அவள் செம்பைக் கீழே வைக்கவில்லை. ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தாள்.

"எம் புள்ளை எங்கிட்டச் சொன்னான் அருளு," என்றாள். "மேல்வீட்டுத் தண்ணி வேற ருசிம்மான்னு எத்தனையோ தடவை சொன்னான். ஒரே கிணத்துத் தண்ணிதானடா, கிறுக்கான்னு நான்தான் சிரிச்சேன்."

அருள்மேரி வாய்விட்டு அழுதாள். மனுவேலும் அவளைப் பார்த்து அழுதான். நஜீமா மிச்சத் தண்ணீரையும் குடித்து முடித்துவிட்டு, செம்பை நீட்டினாள்.

"இன்னும் கொஞ்சம் ஊத்து," என்றாள்.